சூப்பர்ஜூம் வைத்திருந்தும் கிட்டப் போகிறவன்

என் கழுத்தில் தொங்குவது சூப்பர்ஜூம், அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத, வெகுதூரம் ஜூம் ஆகும் கேமரா. அதைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு தூரம் இழுக்கும்?" லென்ஸ் முழுக்க வெளியே நீண்டு நிற்கும்போது பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். குவியத் தூரம் 2000 மி.மீ. வரை போகும் என்றால் கண் விரியும்; அந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகும். உடனே எதிர்க்கரையில் புள்ளியாகத் தெரியும் எதையாவது காட்டி, "அதை எடுங்க பார்ப்போம்" என்பார்கள். எடுத்துக் காட்டுவேன். பறவை என்று தெரியும். என்ன பறவை என்றும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் படத்தை யாரும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட மாட்டார்கள்.

சில வருஷங்களாக இதோடு அலைகிறேன். என் முடிவு இதுதான்: இந்த ஜூமின் உண்மையான உபயோகம் பக்கத்தில் இருக்கும் சின்னப் பறவைக்கு. பதினைந்து மீட்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிட்டை ஃபிரேம் நிறைய எடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நூற்றைம்பது மீட்டரில் இருக்கும் கழுகுக்கு இது ஒரு சாட்சிப் படம் தரும், அவ்வளவே.

எந்த மாடல் வைத்திருக்கிறேன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகத் திரும்பிவிடும். இந்த வகைக் கேமராக்களுக்குள் வித்தியாசம் உண்டு. ஆனாலும் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது ஒரே இயற்பியல். 2012-இல் கேனான் எஸ்எக்ஸ்50 வந்தபோது 50 மடங்கு ஜூம் என்பதே பெரிய சேதி, 24 மி.மீ.-இல் தொடங்கி 1200 வரை. 2015-இல் நிக்கான் பி900 அதை 83 மடங்காக்கி 2000 மி.மீ.-க்குக் கொண்டுபோனது. தரையில் நின்றபடி நிலாவின் பள்ளங்கள் வரை நெருங்கிப் போகும் வீடியோக்களால் கேமராவில் ஆர்வமே இல்லாதவர்களுக்கும் அதன் பெயர் தெரிந்தது. 2018-இல் பி1000: 125 மடங்கு, 3000 மி.மீ., எடை 1400 கிராமுக்கு மேல். அதோடு போட்டி நின்றுவிட்டது. இனி மடங்கைக் கூட்டிப் பெரிய லாபமில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த ஐந்து பத்தியைத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த மடங்கு. 83 மடங்கு என்றால் கண்ணுக்குத் தெரிவதைவிட 83 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். லென்ஸின் நீண்ட முனையைக் குட்டை முனையால் வகுத்தால் கிடைக்கும் எண், அவ்வளவுதான். வெறுங்கண் பார்வையை 50 மி.மீ. லென்ஸுக்குச் சமமாக வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் 2000 மி.மீ. என்பது சுமார் 40 மடங்கு. அதுவே கொள்ளை. எட்டு மடங்கு, பத்து மடங்கு பைனாகுலரோடு நிம்மதியாகப் பறவை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்த 2000 என்பதும் 'சமமான' எண். இந்தக் கேமராக்களின் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, மிகச் சிறியது, சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். பெரிய கேமராக்களில் இருக்கும் முழு ஃபிரேம் சென்சாரின் அகலம் 36, உயரம் 24. பரப்பளவில் முப்பது மடங்கு வித்தியாசம். சென்சார் சிறிதாக இருப்பதால்தான் உண்மையில் 357 மி.மீ. மட்டுமே குவியத் தூரம் கொண்ட லென்ஸ் 2000-க்குச் சமமாக நடந்துகொள்கிறது. அதனால்தான் இது கழுத்தில் தொங்குகிறது, தோளில் ஏறவில்லை. என் இடது தோள்பட்டையில் பழைய வலி ஒன்று உண்டு. மூன்று கிலோ லென்ஸ் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

சரி, விலை எங்கே கொடுக்கிறோம்? வெளிச்சத்தில். 357-ஐ எஃப்/6.5 என்னும் அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால் 55 மி.மீ. வரும். வெளிச்சம் உள்ளே நுழையும் வாசல் அவ்வளவுதான். பெரிய ஆட்கள் வைத்திருக்கும் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு அந்த வாசல் 150 மி.மீ. ஒரே பறவையிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஏழு மடங்குக்கு மேல் அது வாங்கிக்கொள்கிறது. பறவையின் இறகில் இருக்கும் நுண்ணிய கோடுகள் படத்தில் விழுமா விழாதா என்பதைத் தீர்மானிப்பது இந்த வாசல்தான், மடங்கு எண் அல்ல.

மெகாபிக்சல் கதையும் இங்கேயே முடிகிறது. ஒளி ஒரு சிறு துளை வழியே போகும்போது புள்ளி புள்ளியாகவே இருக்காது, சற்றுப் பரவும். பள்ளிக்கூடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். எஃப்/6.5-இல் ஒரு ஒளிப்புள்ளி சென்சார் மேல் ஏறக்குறைய 9 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. 16 மெகாபிக்சல் கொண்ட இந்தச் சின்ன சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1.3 மைக்ரான்தான். அதாவது ஒரு புள்ளி ஆறேழு பிக்சலில் பரவிக் கிடக்கிறது. எனவே படத்தைக் கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி "ஐயோ, கூர்மை இல்லையே" என்று வருந்துவது வீண் வேலை. 4600 பிக்சல் அகலப் படத்தை 1800 பிக்சலுக்குச் சுருக்குங்கள். அதே படம் அழகாக நிற்கும். நான் எந்தப் படத்தையும் முழு அளவில் வைத்துக்கொள்வதில்லை.

அபெர்ச்சரை எஃப்/8-க்கு மூடினால் கூர்மை கூடும் என்கிற பெரிய கேமரா அறிவுரையும் இங்கே செல்லாது. மூடினால் அந்த வட்டம் இன்னும் பெரிதாகும். முழு ஜூமில் அபெர்ச்சர் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்தே வைத்துவிடுவேன்.

கணக்கு முடிந்தது. இனி வெளியே போவோம்.

2000 மி.மீ.-இல் கேமரா பார்க்கும் அகலம் ஒரு பாகைதான். கையை நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தினால் அது மறைக்கும் அளவு. இருபது மீட்டர் தள்ளி அது 36 செ.மீ. அகலமுள்ள ஜன்னல். சிறு மீன்கொத்தியின் நீளம் 16 செ.மீ.; இருபது மீட்டரில் அது ஃபிரேமில் கிட்டத்தட்டப் பாதியை நிறைக்கும். பத்து மீட்டரில் ஃபிரேம் விளிம்பு வரை நிறைந்துவிடும், ஜூமைக் குறைத்தாக வேண்டும். இதே மீன்கொத்தி நூறு மீட்டரில் இருந்தால் 1.8 மீட்டர் ஜன்னலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் வெட்டிப் பெரிதாக்க வேண்டும். வெட்டினால் மேலே சொன்ன பரவல் பல்லைக் காட்டும்.

தூரத்துக்கு இன்னொரு எதிரி காற்று. வெயில் ஏறியதும் தரையும் நீரும் சூடாகி, மேலே இருக்கும் காற்று அசையத் தொடங்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வ்யூஃபைண்டரில் நாணல் தண்டின் விளிம்பைப் பாருங்கள், நெளிந்துகொண்டே இருக்கும். அந்த நெளிவுக்கு எந்த ஷட்டர் வேகமும் மருந்தில்லை. ட்ரைபாட் உதவாது. எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் கதை ஒன்றுதான். எனக்கும் பறவைக்கும் நடுவே இருக்கும் காற்றைக் குறைப்பது ஒன்றே வழி. என் நண்பர் ஒருவர் அந்த மூன்று கிலோ லென்ஸ்காரர். காலையில் பத்து மணிக்கு மேல் சதுப்பின் குறுக்கே எடுத்த படங்களை அவரும் நானும் ஒப்பிட்டோம். என்னுடையதைப் போலவே அவருடையதும் குழைந்து கிடந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நிழலில் அவர் ஜெயிப்பார். புதருக்குள் ஒரு கதிர்க்குருவி. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சம் குறைவான இடத்தில் படத்தைப் பிரகாசமாக்கக் கூட்டும் எண்; கூட்டினால் படத்தில் பொடிப்பொடியாக இரைச்சல் தெரியும். அவர் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்ததும் நான் 100-இல் எடுத்ததும் இரைச்சலில் ஏறக்குறைய ஒன்று. சென்சார் பரப்பு முப்பது மடங்கு என்றால் கணக்கு அப்படித்தான் வரும். நிழலில் 100-இல் எடுக்க எனக்கு வழியில்லை என்பதுதான் சிக்கல். நல்ல வெயில் நேராக விழும் பறவைக்கு எஃப்/6.5, ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் 1/600 நொடி அளவில் வரும். மிக அருமை. அதே பறவை திறந்த நிழலுக்குள் போனால் மூன்று ஸ்டாப் போய்விடும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. ஐஎஸ்ஓ 400-இல் 1/300. அதுவும் பரவாயில்லை. அடர்ந்த மரத்தடிக்குள் போனால் 800 வைத்தும் 1/100-ஐத் தாண்டாது. என் எல்லை 800. 1600 என்பது 'இந்தப் பறவை இங்கே இருந்தது' என்று பதிவு செய்ய மட்டும். அங்கே கேமரா தானாகவே இரைச்சலைத் துடைக்கப் போய் இறகுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். மெழுகு பூசிய பொம்மைபோல ஒரு பறவை மிஞ்சும். மெனுவில் இரைச்சல் நீக்கத்தைக் குறைந்த அளவுக்கு மாற்றினால் கொஞ்சம் தப்பிக்கலாம். ரா கோப்பு, அதாவது கேமரா துடைக்காமல் அப்படியே தரும் கோப்பு, எடுக்க முடிந்த மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. பி900 ஜேபெக் மட்டும் தந்தது. 2020-இல் வந்த பி950, அதே 83 மடங்கோடு ராவும் தந்தது. எஸ்எக்ஸ்50 அதற்கு எட்டு வருஷம் முன்பே ரா தந்த கேமரா.

ஆக, நான் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மனதில் வைத்துக்கொள்வது பறவையின் பெயரை அல்ல, வெளிச்சத்தை. சூரியன் என் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக. விடிந்து வெயில் விழுந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரம். நடுப்பகலில் பைனாகுலர் மட்டும் போதும். மேகமூட்டமான நாள் என்றால் நீர்நிலைக்குப் போவேன், மரத்தோப்புக்குப் போக மாட்டேன். திறந்த இடத்தில் கிடைக்கிற சிறிது வெளிச்சமாவது முழுக்கக் கிடைக்கும். கொக்கு, நாரை, தாழைக்கோழி எல்லாம் பெரிதாகவும் இருக்கும், நின்றும் கொடுக்கும்.

இனி கிட்டப் போகும் கலை. சூப்பர்ஜூம் வைத்திருப்பவர்கள் இதைக் கற்றுக்கொள்ளாமல் போவதற்கு ஜூமே காரணம். விரலை அசைத்தால் பறவை பெரிதாகிவிடுகிறதே, எதற்கு நடக்க வேண்டும் என்று தோன்றும். அறுபது மீட்டரில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடையாளத்துக்கு ஆயிற்று. அப்புறம் நாற்பது. அப்புறம் இருபத்தைந்து. நேராகப் பறவையை நோக்கி நடக்காமல், வேறெங்கோ போகிறவர்போலச் சாய்வாக நடக்க வேண்டும். உற்றுப் பார்க்கக் கூடாது. அது தலையைத் தூக்கி உடலை ஒடுக்கி நின்றால் நானும் நின்றுவிடுவேன். மறுபடி மேயவோ கோதவோ தொடங்கினால்தான் அடுத்த எட்டு. குந்தி உட்கார்ந்துவிட்டால் இன்னும் உத்தமம். நின்றிருக்கும் மனிதனைவிடக் குந்தியிருக்கும் மனிதனைப் பறவைகள் சீக்கிரம் மறக்கின்றன. பறவையின் கண்மட்டத்துக்கு கேமரா இறங்குவதால் படமும் தானாக மேலாகும்.

அதைவிட நல்லது போகாமல் இருப்பது. மீன்கொத்திக்கு என்று சில கிளைகள் உண்டு. ஒன்றில் உட்காரும், பாயும், திரும்பி அதிலேயே வரும். அடியில் வெள்ளையாக எச்சம் படிந்த கிளையைத் தேடிக் கண்டுபிடித்து, வெளிச்சம் பார்த்து, பன்னிரண்டு பதினைந்து மீட்டரில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் போதும். கடற்கரைச் சேற்றில் நீர் ஏறும் நேரத்துக்கு முன்பே போய் உட்காருங்கள். நீர் ஏற ஏற உள்ளான்கள் தாமாகவே நம் பக்கம் ஒதுங்கி வரும். கார் வைத்திருப்பவர்களுக்கு அதுவே நல்ல மறைவிடம். கண்ணாடியை இறக்கி, ஜன்னல் விளிம்பில் ஒரு துணிப்பையை மடித்து வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். இன்ஜினை அணைக்க மறக்க வேண்டாம், அதன் அதிர்வு 2000 மி.மீ.-இல் நன்றாகவே தெரியும்.

கூட்டின் பக்கம் மட்டும் போவதில்லை. நெடுந்தூரத்து லென்ஸ் இருக்கிறதே என்று கூட்டின் முன் முகாம் போடுகிறவர்கள் உண்டு. தாய்ப்பறவை வாயில் புழுவோடு கிளை கிளையாகத் தாவிக்கொண்டே இருந்தால், நாம் அங்கே இருப்பதால்தான் அது இறங்கவில்லை என்று அர்த்தம். எழுந்து போய்விட வேண்டும். பதிவு செய்த குரலைப் போட்டுக் கூப்பிடுவதும், இரவில் ஆந்தை முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை.

முழு ஜூமில் பறவையைக் கண்டுபிடிப்பதே புதியவர்களுக்குப் பெரிய பாடு. வெறுங்கண்ணில் தெரிகிற பறவை வ்யூஃபைண்டரில் இருக்காது. எங்கு பார்த்தாலும் இலை. ஒரு பாகை ஜன்னல் அப்படித்தான். அகலமாக வைத்து, பறவைக்குப் பக்கத்தில் தனித்துத் தெரியும் ஒன்றை, ஒரு உடைந்த கிளை, வெளிறிய இலை, கம்பத்தின் முடிச்சு எதையாவது, மனதில் குறித்துக்கொண்டு ஜூமை நீட்ட வேண்டும். பாதியில் தொலைந்தால், சட்டென்று பின்வாங்கிக் காட்டும் பொத்தான் பல மாடல்களில் லென்ஸின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. அதை அழுத்தியதும் ஜன்னல் அகலும், விட்டதும் பழைய ஜூமுக்கே திரும்பும். எனக்கு ஷட்டர் பொத்தானுக்கு அடுத்து முக்கியமான பொத்தான் அதுதான். 2014-இல் ஒலிம்பஸ் எஸ்பி-100 என்று ஒரு கேமரா வந்தது. துப்பாக்கியில் குறி பார்ப்பதற்கு வைப்பார்களே, அப்படி ஒரு செம்புள்ளிக் குறிபார்ப்பானை உள்ளேயே கட்டியிருந்தார்கள். நல்ல யோசனை. ஏனோ மற்றவர்கள் அதைப் பின்தொடரவில்லை.

ஃபோகஸ் இன்னொரு தொல்லை. இவை பெரும்பாலும் படத்தின் ஒளி-நிழல் மாறுபாட்டை அளந்து முன்னும் பின்னுமாகத் துழாவி ஃபோகஸ் பிடிப்பவை. வெளிச்சம் நன்றாக இருந்தால் சமத்தாக இருக்கும். இலைகளுக்கு நடுவே பறவை இருந்தால் முன்னால் இருக்கும் இலையைத்தான் கட்டிக்கொள்ளும். ஃபோகஸ் சதுரத்தை இருப்பதில் சிறியதாக்கி நடுவில் வைத்துவிடுங்கள். முகம் தேடுதல், தானாகத் தேர்ந்தெடுத்தல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பறவை பிடிபடவில்லையென்றால் அதே தூரத்தில் இருக்கும் கிளைமேல் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, அப்படியே பறவைக்கு நகர்வேன். அதுவும் சரிப்படவில்லையென்றால் ஜூமைக் கொஞ்சம் உள்ளே இழுப்பேன். அபெர்ச்சர் சற்று விரியும், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும், ஃபோகஸ் சட்டென்று விழும். 1200-இல் கூர்மையாக எடுத்ததை வெட்டிக்கொள்வது, 2000-இல் குழப்பமாக எடுப்பதைவிட மேல்.

டிஜிட்டல் ஜூமை மட்டும் வாங்கிய அன்றே அணைத்துவிட வேண்டும். கேமரா வெட்டிக் கொடுப்பதை வீட்டில் நாமே வெட்டிக்கொள்ளலாம்.

நடுக்கத் தடுப்பைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். 2000 மி.மீ.-க்குக் கையில் பிடித்து எடுக்க 1/2000 நொடி வேண்டும் என்பது பழைய விதி. லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு அதை 1/250, பதறாத கைக்கு 1/125 வரைகூட இறக்கிவிடுகிறது. ஆனால் அது என் கை நடுக்கத்தை மட்டுமே நிறுத்தும். பறவையின் தலையாட்டலை நிறுத்தாது. வாலாட்டிக் குருவி முன்னால் 1/125 வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வால் மட்டுமா ஆடும்? அதனால் சின்னப் பறவைக்கு 1/500-ஐ முயற்சி செய்வேன். கிடைக்காவிட்டால் அது தலையைத் திருப்பி ஒரு கணம் நிற்கும்போது இரண்டு மூன்று படமாகத் தட்டுவேன். பொத்தானை அழுத்திப் பிடித்து வரிசையாகச் சுடும் நீளமான பர்ஸ்ட் வேண்டாம். பல சூப்பர்ஜூம்களில் ஏழோ பத்தோ படம் எடுத்ததும் எல்லாவற்றையும் கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா மௌன விரதம் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பறவை சிறகை விரித்துச் சோம்பல் முறிக்கும்.

வெள்ளைப் பறவையும் கறுப்புப் பறவையும் கேமராவை ஏமாற்றும். வெயிலில் நிற்கும் சின்னக் கொக்குக்கு வெளிச்ச ஈட்டை, அதாவது கேமரா அளந்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, முக்கால் ஸ்டாப் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், அதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. சின்ன சென்சாருக்கு இந்த விஷயத்தில் பொறுமை குறைவு. கரிச்சானுக்கு நேர்மாறாக முக்கால் கூட்ட வேண்டும். வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு உட்காரும் எந்தப் பறவைக்கும் ஒன்று கூட்டலாம், ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் படம் எப்படியும் சுமாராகத்தான் வரும். சுற்றி நடந்து பச்சைப் பின்னணி கிடைக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

பறக்கும் பறவை எடுக்கலாமா? தகைவிலானையும் உழவாரனையும் விட்டுவிடுங்கள், தலைவலிதான் மிஞ்சும். நாரை, கூழைக்கடா, பருந்து என்று நிதானமாகப் பறக்கும் பெரியவை சரிப்படும். ஜூமை 600, 800-க்குள் வைத்து, தூரத்தில் வரும்போதே ஃபோகஸ் பிடித்து, உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். எலெக்ட்ரானிக் வ்யூஃபைண்டரில் காட்சி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதனால் பறவைக்குச் சற்று முன்னால் இடம் விட்டுப் பிடிப்பேன். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்று என் முதுகிலிருந்து வீசினால் அது என் பக்கம் முகம் காட்டி எழும்பும். பெரிய பறவைகள் பல, கிளம்புவதற்கு முன் எச்சம் போடும். அதைப் பார்த்ததும் விரலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். நாகரிகமான குறிப்பு இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

சாட்சிப் படம் என்று ஆரம்பத்தில் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லிவிட்டேனோ? அதில்தான் இந்தக் கேமராவின் பாதி அருமை இருக்கிறது. இலைக் கதிர்க்குருவிகள் எல்லாம் ஒரே மாதிரி பச்சை கலந்த மங்கல் நிறம். சிறகில் வெளிறிய பட்டை ஒன்றா இரண்டா, காலின் நிறம் என்ன, புருவக்கோடு எங்கே முடிகிறது என்பதைப் பைனாகுலரில் பார்த்து முடிப்பதற்குள் அது போய்விடும். சுமாரான படம் ஒன்று இருந்தால் வீட்டில் புத்தகத்தை விரித்து நிதானமாகச் சண்டை போடலாம். உள்ளான்களிலும் அப்படியே. சாதாரண உள்ளானின் தோள்பட்டை முன்னால் வெள்ளை ஒரு கூம்புபோல மேலே ஏறும். பொரி உள்ளானுக்கு அது இல்லை, முதுகு முழுக்கப் பொரித் தூவல். எண்பது மீட்டரிலிருந்து எடுத்த மங்கலான படமே இதைச் சொல்லிவிடும். 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில், பார்த்த பறவைகளின் பட்டியலோடு படத்தையும் ஏற்றலாம். அரிதான பறவை என்றால் சரிபார்ப்பவர்கள் முதலில் தேடுவது படத்தைத்தான், அதன் அழகை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கால்வளையம் படிப்பது. கரைப்பறவைகளின் வலசையைப் பின்தொடர ஆராய்ச்சியாளர்கள் சிலவற்றின் காலில் வண்ண வளையமோ சின்னக் கொடியோ மாட்டி விடுகிறார்கள். நிறமும் சேர்க்கையும் எந்தப் பகுதியில் மாட்டியது என்பதைச் சொல்லும். கொடியில் எழுத்தும் எண்ணும் இருந்தால் அந்த ஒரு பறவையையே அடையாளம் காணலாம். அதைப் படித்து அனுப்பினால், அது எங்கே எப்போது பிடிபட்டது என்கிற விவரம் நமக்குத் திரும்பி வரும். இதற்கு அழகான பின்னணி வேண்டாம், மென்மையான வெளிச்சம் வேண்டாம். இரண்டு எழுத்து தெரிந்தால் போதும். இங்கே நான் என் வீடியோ பொத்தானைப் பயன்படுத்துகிறேன். பறவை சேற்றில் நடக்கும்போது கொடி திரும்பித் திரும்பித் தெரியும். வீட்டில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால் ஏதோ ஒன்றில் எழுத்து நேராக நிற்கும். மூன்று கிலோ நண்பர் இந்த வேலைக்கு மட்டும் என் கேமராவை இரவல் கேட்பார். கொடுப்பேன், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு.

யார் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அடர்ந்த காட்டுக்குள்தான் பெரும்பாலும் அலைவீர்கள் என்றால் வேண்டாம். பாயும் பறவை, பறக்கும் பறவை மட்டும்தான் ஆசை என்றாலும் வேண்டாம். பின்னணி பட்டுப்போல மங்கி நிற்க வேண்டும் என்பவர்களும் யோசிக்க வேண்டும். பறவைக்குப் பின்னால் வெகுதூரம் காலியாக இருந்தால் இதிலும் மங்கும், ஆனால் இடத்தை நாம்தான் தேட வேண்டும். இப்படிப்பட்டவர்கள் காசு சேர்த்து, லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றும் தேடுவது நல்லது. எடை மூன்று கிலோவை நெருங்கும் என்பதை மட்டும் தோளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சூப்பர்ஜூம்தான் என்று முடிவு செய்துவிட்டால், கடையில் புதிதாகக் கிடைப்பவை இப்போது கொஞ்சம்தான். கைப்பேசி வந்தபின் இந்த வகையே சுருங்கிவிட்டது. பெரும்பாலும் பழையதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். இவற்றில் லென்ஸைக் கழற்ற முடியாது; உள்ளே போன தூசியும் பூஞ்சையும் உள்ளேயேதான் இருக்கும். எனவே கேமராவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜூமை முழுக்க நீட்டி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ அபெர்ச்சரை மூடி ஒரு படம் எடுங்கள்; சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் வட்டமாகத் தெரியும். ஜூம் போகும்போதும் வரும்போதும் மோட்டார் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் திக்கக் கூடாது. நீண்ட குழாயை இரண்டு விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு, லொடலொடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். நடுக்கத் தடுப்பை அணைத்தும் போட்டும் தூரத்து எழுத்து ஒன்றை முழு ஜூமில் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பேட்டரி பழசாகத்தான் இருக்கும், ஜூம் மோட்டார் அதை நன்றாகவே குடிக்கும்; இன்னொன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.